ஜாப் இன்ஸ்ட்ரக்‌ஷன் பத்து மணி நேரப் பயிற்சி: சீனியரை மென்டராக்க இது போதுமா?

ஐடிஐ முடித்து வந்த பையனை இருபது வருஷ அனுபவம் உள்ள ஆபரேட்டரிடம் ஒப்படைத்துவிட்டு, "அண்ணன் கூடவே இரு, பார்த்துக் கத்துக்கோ" என்று சொல்லிப் போவதுதான் ஓசூரிலும் ஒரகடத்திலும் கோவையிலும் நெடுநாளாக நடக்கிற பயிற்சி. முதல் வாரம் பையன் டூல் எடுத்துக் கொடுப்பான், இரண்டாவது வாரம் பர் (உலோக விளிம்பில் நிற்கும் பிசிறு) தேய்ப்பான். மூன்றாவது வாரத்தில் ஆள் பற்றாக்குறை வந்து தனியாக மெஷினில் நிற்பான், அன்றைக்கே நாற்பது பீஸ் ரிஜெக்ட் ஆகும். "இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கவனமே இல்லை" என்று சீனியர் சொல்வார். ஹெச்ஆர் அதே சீனியருக்கு 'மென்டர்' என்று ஒரு பேட்ஜ் கொடுத்திருக்கும். பேட்ஜோடு வேறு எதையும் கொடுத்திருக்காது.

அந்த 'வேறு எதையும்' என்ற இடத்தை நிரப்பச் சந்தையில் பல பயிற்சிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஹோட்டல் ஹாலில் ஒரு நாள் நடக்கும் சொற்பொழிவுகள்: தலைமைப் பண்பு, உணர்வு நுண்ணறிவு, மதியம் பஃபே, சாயங்காலம் சான்றிதழ். அவற்றிலிருந்து விலகி நிற்பது டி.டபிள்யூ.ஐ. ('டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி') என்ற அமெரிக்கத் திட்டத்தின் வழிவந்த 'ஜாப் இன்ஸ்ட்ரக்‌ஷன்', சுருக்கமாக ஜே.ஐ. வேலையைச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்து மணி நேரத்தில் ஆளைப் பிழிந்து எடுக்கிற பயிற்சி. முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம்: ஷாப் ஃப்ளோர் மென்டருக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடைப்பது கடினம். ஆனால் இதை மட்டும் வாங்கி, பின்னால் எதுவும் செய்யாமல் விட்டால் மூன்று மாதத்தில் காசு கரைந்துவிடும்.

எங்கிருந்து வந்தது

1940இல் அமெரிக்க அரசு தொடங்கிய 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' சேவைதான் மூலம். போர்த் தளவாடங்களுக்கு லென்ஸ் தேய்க்கத் தேர்ந்த ஆள் கிடைக்கவில்லை. பழகிய கை வர வருஷக்கணக்கில் ஆகும் என்றார்கள். அந்தச் சிக்கலைப் பிரித்துப் பார்த்தபோது உருவானதுதான் ஜே.ஐ. அடிப்படை முற்றிலும் புதியதல்ல. முதல் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தளங்களில் சார்லஸ் ஆலன் என்பவர் பயன்படுத்திய நான்கு படி முறையே இதற்கு வேர். 1945இல் சேவை மூடப்படுவதற்குள் 16,000க்கும் மேற்பட்ட ஆலைகளில் 17 லட்சத்துக்கும் அதிகமானோர் டி.டபிள்யூ.ஐ. சான்றிதழ் பெற்றிருந்தார்கள். போர் முடிந்ததும் அமெரிக்காவில் அது மறக்கப்பட்டு, 1950களில் ஜப்பானில் ஊன்றியது. டொயோட்டா அதை இன்றுவரை விடவில்லை. நம் ஊர் வாகன உதிரிபாக ஆலைகளில் ஜப்பானிய ஆலோசகர்கள் 'முக்கியப் படி', 'கீ பாயின்ட்' (படியில் தவறவிடக் கூடாத நுணுக்கம்) என்று பேசுவது இந்த வழியில் வந்ததுதான்.

அரசு வெளியீடு என்பதால் அக்காலப் பயிற்சி நடத்துநர் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. பயிற்சி நிறுவனங்கள் காசு வாங்குவது நடத்துகிற ஆளுக்காக. அந்த ஆள் நாற்பது மணி நேர நடத்துநர் பயிற்சி முடித்தவரா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பத்து மணி நேரத்தில் என்ன நடக்கிறது

இரண்டு இரண்டு மணி நேரமாக ஐந்து நாள். வகுப்புக்குப் பத்துப் பேர்தான். இந்த எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு: பத்துப் பேரும் தங்கள் சொந்த வேலையிலிருந்து ஒன்றை எடுத்து, இன்னொருவருக்கு எல்லோர் முன்னிலையிலும் சொல்லிக்கொடுத்துக் காட்ட வேண்டும். பதினைந்து பேர் வந்தால் ஐந்து பேர் வெறும் பார்வையாளர்கள்.

முதல் நாளின் உச்சம் ஒரு முடிச்சு. பல்பு ஹோல்டருக்குள் ஒயரின் இழுப்பு நேராக ஸ்க்ரூவில் ஏறாமல் இருக்கப் போடும் 'அண்டர்ரைட்டர்' முடிச்சு. நடத்துநர் ஒருவரை முன்னால் கூப்பிட்டு, கையில் முறுக்கிய இரட்டை ஒயரைக் கொடுத்து, வாயால் மட்டும் சொல்வார்: "முறுக்கைப் பிரித்து, வலது இழையை வளைத்து, இடது இழையை அதன் நுனிக்கு அடியில் கொண்டுபோய்..." பாதியிலேயே ஆள் திணறுவார். அடுத்தவரைக் கூப்பிட்டு, பேசாமல் எதிரே நின்று செய்து மட்டும் காட்டுவார். அவருக்கும் வராது. எதிரே நின்று பார்ப்பவருக்கு இடம் வலமாகத் தெரிகிறது; எந்த இழை எதற்குப் பின்னால் போனது என்பது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

மூன்றாவதாக ஒருவரைக் கூப்பிட்டு, தன் பக்கத்தில், தான் பார்க்கிற திசையையே பார்க்கும்படி நிறுத்திக்கொள்வார். முதல் படி: முறுக்கைப் பிரித்து நேராக்கு, கீ பாயின்ட், பதினைந்து சென்டிமீட்டர். இரண்டு: வலது கண்ணி, கீ பாயின்ட், முக்கிய ஒயருக்கு முன்னால். மூன்று: இடது கண்ணி, கீ பாயின்ட், உன் பக்கம் இழு, வலது நுனிக்கு அடியில், முக்கிய ஒயருக்குப் பின்னால். நான்கு: நுனியைக் கண்ணிக்குள் விடு. ஐந்து: இறுக்கு, கீ பாயின்ட், இரு நுனியும் சமமாக. ஐந்து நிமிஷத்தில் ஆள் முடிச்சுப் போட்டுவிடுவார். அறையில் இருபது வருஷ சீனியர்கள் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிவது அப்போதுதான். "சொன்னேனே, காட்டினேனே, அப்புறமும் வரலைன்னா பையன் மேலதான் தப்பு" என்ற வாதம் அந்த ஒயர்த் துண்டோடு முடிகிறது. இந்த முடிச்சை விட்டுவிட்டு ஸ்லைடில் நான்கு படிகளைப் போட்டுக் காட்டும் நடத்துநர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தவிர்க்கலாம்.

பிரேக்டவுன் ஷீட்: பயிற்சியின் உண்மையான சரக்கு

நான்கு படிகளைச் சொன்னால் யாருக்கும் புரிந்துவிடும். கஷ்டம் அதற்கு முன்னால் இருக்கிறது. வேலையைப் பிரித்து ஒரு தாளில் எழுத வேண்டும்: இடது பக்கம் முக்கியப் படிகள், நடுவில் கீ பாயின்ட், இப்போதைய வடிவத்தில் வலது பக்கம் அதற்கான காரணம். கீ பாயின்ட் என்பதற்கு மூன்றே தகுதிகள்: அதைத் தவறவிட்டால் வேலை கெட வேண்டும், அல்லது ஆளுக்கு அடிபட வேண்டும், அல்லது அதைத் தெரிந்துகொண்டால் வேலை சுலபமாக வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் நாம் 'கைப்பக்குவம்' என்று சொல்லிச் சொல்லிக்கொடுக்காமலே விட்டுவிடுகிறோம்.

மைக்ரோமீட்டரில் ஷாஃப்ட் விட்டம் அளப்பதை எடுத்துக்கொள்வோம். 0–25 மில்லிமீட்டர் மைக்ரோமீட்டர். அதில் சுழற்றும் உருளை திம்பிள், அதன் முனையில் 'டிக்' என்று நழுவும் குமிழ் ராட்செட், கோடுகள் போட்ட நிலையான குழல் ஸ்லீவ். சீனியரிடம் எழுதச் சொன்னால் முதல் தடவை இப்படித்தான் எழுதுவார்: "மைக்ரோமீட்டரைக் கவனமாகப் பிடித்து, சரியாக அளக்கவும்." நடத்துநர் அதைத் திருப்பிக் கொடுப்பார். 'கவனமாக', 'சரியாக', 'நல்லா' ஆகிய மூன்றும் அந்தத் தாளில் தடை செய்யப்பட்ட சொற்கள். எது கவனம் என்று கை செய்து காட்ட முடிகிற அளவுக்குச் சொன்னால்தான் அது கீ பாயின்ட்.

இரண்டு மூன்று தடவை அடித்துத் திருத்திய பிறகு ஷீட் இப்படி வரும்:

படி 1, இரு முகங்களையும் ஷாஃப்டையும் துடை. கீ பாயின்ட்: நூல் பிரியாத சுத்தமான துணி. காரணம்: ஒரு சிப் தூள் மாட்டினாலும் அளவு கூடிவிடும்.

படி 2, ஜீரோ காட்டுகிறதா என்று பார். கீ பாயின்ட்: ராட்செட்டால் மூடு. காரணம்: ஜீரோவே தள்ளியிருந்தால் பின்னால் வரும் எல்லா அளவும் அதே அளவு தள்ளும்.

படி 3, ஷாஃப்டின் மேல் மூடு. கீ பாயின்ட்: திம்பிளைத் திருகாதே, ராட்செட் இரண்டு மூன்று முறை 'டிக்' என்று ஒலிக்கும் வரை மட்டும். காரணம்: திம்பிளை அழுத்தினால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

படி 4, அளவைப் படி. கீ பாயின்ட்: ஸ்லீவில் அரை மில்லிமீட்டர் கோடு வெளியே தெரிகிறதா என்று முதலில் பார். காரணம்: அதைவிட்டால் 7.88 என்பதை 7.38 என்று எழுதிவிடுவாய்.

அந்த நான்காம் படிதான் பயிற்சிக்குக் கொடுத்த காசு. திம்பிளில் ஐம்பது கோடு, ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் என்பது பாடமாகப் படித்த எந்தப் பையனுக்கும் தெரியும். ஆனால் அரைக் கோட்டைத் தவறவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தப்புகளில் தலையாயது. சீனியரின் கண் அந்தக் கோட்டைத் தானாகவே பார்த்துவிடுகிறது. தான் அதைப் பார்க்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்லிக்கொடுப்பார்? ஷீட் எழுதும் நிர்ப்பந்தம் ஒன்றுதான் அதை வெளியே கொண்டுவருகிறது. ஷீட் எழுதும்போது வேலையைத் தானே மெதுவாகச் செய்துகொண்டே எழுத வேண்டும்; நாற்காலியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் இந்த அரைக் கோடுகள் எல்லாம் விடுபடும்.

ஒரே ஷீட்டில் பத்துப் பன்னிரண்டு படிகள் வந்துவிட்டால் அது ஒரு வேலை அல்ல, இரண்டு வேலை. அரை மணி நேரத்தில் ஒருவர் உள்வாங்கிச் செய்துகாட்டும் அளவுக்கு வெட்ட வேண்டும். சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) செட்டிங்கை ஒரே ஷீட்டில் அடக்கப் பார்ப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்.

நான்கு படிகளும் நம் ஊர்ப் பழக்கமும்

பயிற்சியில் கொடுக்கும் பாக்கெட் கார்டில் இருக்கும் நான்கு படிகள்: தொழிலாளியைத் தயார்படுத்து, வேலையைச் செய்து காட்டு, அவரைச் செய்ய வை, பின்தொடர்ந்து பார். கார்டின் அடியில் ஒரு வரி: தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை.

தயார்படுத்துவது என்றால் பேச்சுக் கொடுத்துப் பதற்றத்தைத் தணித்து, ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. "தம்பி, ஐடிஐல மைக்ரோமீட்டர் பிடிச்சிருக்கியா, வெர்னியரோட நின்னுட்டியா?" என்ற ஒரு கேள்வி பத்து நிமிஷத்தை மிச்சப்படுத்தும். சீனியர்கள் இதை வெகு இயல்பாகச் செய்வார்கள், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செய்து காட்டுவதில்தான் ஒழுங்கு தேவை. மூன்று தடவை: முதலில் படிகளை மட்டும் சொல்லி, அடுத்து படியோடு கீ பாயின்ட், மூன்றாவதாகக் காரணமும் சேர்த்து. சீனியருக்கு இது அலுப்பாக இருக்கும். எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே கொட்டிவிடத் தோன்றும், கூடவே 2009இல் ஒருத்தன் விரல் போன கதையும் வரும். அதைத் தடுக்கத்தான் வகுப்பில் பத்துப் பேர் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

மூன்றாவது படி நமக்கு மிக அவசியம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தமிழ்நாட்டில் எந்த ஆலையிலும் ஒரே பதில்தான்: "புரிஞ்சுதுண்ணே." புரியவில்லை என்று பெரியவரிடம் சொல்வது மரியாதைக் குறைவு, சொன்னால் மக்கு என்று பெயர் வரும். ஜே.ஐ. அந்தக் கேள்வியையே எடுத்துவிடுகிறது. முதல் தடவை பேசாமல் செய்யட்டும், தப்பு வந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்து. இரண்டாவது தடவை படிகளைச் சொல்லிக்கொண்டே, மூன்றாவது தடவை கீ பாயின்ட்டைச் சொல்லிக்கொண்டே, நான்காவது தடவை காரணத்தைச் சொல்லிக்கொண்டே செய்யட்டும். பையன் "ராட்செட் ரெண்டு டிக்" என்று சொல்லிக்கொண்டே திம்பிளைத் திருகினால் எங்கே ஓட்டை என்று உடனே தெரிந்துவிடும். வாய்க்கும் கைக்கும் உள்ள அந்த இடைவெளியைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் அதிகம் உள்ள இடங்களில் கீ பாயின்ட்களை இந்தியிலோ ஒடியாவிலோ ஒரு வரிக்கு மேல் போகாமல் எழுதி வைத்திருப்பது பெரிய உதவி. ஷீட் சுருக்கமாக இருப்பதால் மொழிபெயர்க்க ஒரு மேஸ்திரி போதும். ஐம்பது பக்க எஸ்ஓபியை (வேலை நடைமுறைக் கையேட்டை) யாரும் மொழிபெயர்க்கப் போவதில்லை.

நான்காவது படியில், தனியாக விட்டபின் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். 'யார்கிட்ட வேணா கேளு' என்றால் யாரிடமும் கேட்க மாட்டான். பிறகு அடிக்கடிப் போய்ப் பார்த்து, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். இது வகுப்பறையில் நடத்திக்காட்ட முடியாத படி. அதனாலேயே பயிற்சியின் பலவீனமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வகுப்பு முடிந்த திங்கட்கிழமை

ஐந்தாம் நாள் சாயங்காலம் பத்து மென்டர்களும் உற்சாகமாக வெளியே வருவார்கள். திங்கட்கிழமை ஷிஃப்ட் டார்கெட் பழையபடியே இருக்கும். பையனுக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் அரை மணி நேர உற்பத்தி போகும், சூப்பர்வைசர் கேட்பார். திருப்பூரில் பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லரிடம் இன்னும் மோசம்: பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஹெல்பருக்கு ஓவர்லாக் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவர் கூலியிலிருந்து போகிறது. அவர் சொல்லிக்கொடுக்காமல் இருப்பது கணக்குத் தெரிந்ததால்தான்.

ஆகவே பயிற்சியை வாங்கும் முன் நிறுவனம் தீர்மானிக்க வேண்டியது கட்டணம் அல்ல, நேரம். மென்டர் சொல்லிக்கொடுக்கும் மணிகளுக்கு டார்கெட்டைக் கழித்துவிட வேண்டும். பீஸ் ரேட் ஆளுக்கு அந்த மணிகளுக்கு அவருடைய சராசரி வருமானத்தைக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் எழுத்தில் இல்லாவிட்டால் வகுப்பையே தள்ளிப்போடுவது நல்லது. மாதம் ஒரு 'சிறந்த மென்டர்' கோப்பை இதற்கு ஈடாகாது.

நேரத்துக்கு அடுத்தபடி, வகுப்பு முடிந்த முதல் மாதத்துக்குள் ஒவ்வொரு மென்டரும் உண்மையில் சொல்லிக்கொடுப்பதை நடத்துநரோ பயிற்சிப் பொறுப்பாளரோ ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கையில் அதே பாக்கெட் கார்டு. எந்தப் படி விடுபட்டது என்று மட்டும் குறித்து, ஆள் போன பிறகு மென்டரிடம் தனியாகச் சொல்வது. பையன் முன்னால் மென்டரைத் திருத்தினால் இருவருமே போய்விடுவார்கள். போர்க்காலத்திலேயே டி.டபிள்யூ.ஐ. இந்தத் தொடர் கவனிப்பைப் பற்றித் தனியாக வெளியீடு போட வேண்டி வந்தது. வகுப்பு நடத்திவிட்டுப் போனால் பழைய பழக்கம் திரும்பிவிடுகிறது என்று அவர்களுக்கும் அப்போதே தெரிந்திருந்தது.

வாரம் ஒருமுறை மென்டர்கள் அரை மணி நேரம் கூடுவதும் பலன் தரும். ஆளுக்கு ஒரு ஷீட், அல்லது ஒரு தலைவலி. டீயோடு. அதற்கு மேல் அஜெண்டா வேண்டாம். ஸ்லைடு போட ஆரம்பித்தால் மூன்றாம் வாரம் யாரும் வர மாட்டார்கள். ஒரே வேலைக்கு இரண்டு ஷிஃப்ட் மென்டர்கள் வேறு வேறு கீ பாயின்ட் எழுதியிருப்பது இங்கேதான் வெளியே வரும். பகல் ஷிஃப்டில் ஒரு மாதிரி, இரவில் வேறு மாதிரி கற்றுக்கொண்ட பையன்கள் சேர்ந்து ஒரு லைனைக் குழப்புவதற்கு முன்பே அதைப் பிடித்துவிடலாம்.

வகுப்பில் கற்றுத்தரும் பயிற்சி அட்டவணை பெரும்பாலும் சுவரில் ஒட்டப்பட்டு மறக்கப்படுகிறது. அது பாவம். பக்கவாட்டில் வேலைகள், மேலே பெயர்கள். தெரிந்த கட்டத்தில் ஒரு கோடு, தெரிய வேண்டியதில் தேதி. ஒரே ஒரு கோடு மட்டும் உள்ள வரிசையைப் பாருங்கள். அந்த ஆள் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அந்த வேலை நிற்கும். மென்டர் அடுத்து எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டால் பதில் அந்த வரிசைதான்.

ஒரு மென்டருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். அப்ரண்டிஸ் சட்டப்படி 30 அல்லது அதற்கு மேற்பட்ட பேர் உள்ள நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும் என்பதால், பலர் எண்ணிக்கையை நிரப்பிவிட்டு அத்தனை பேரையும் ஒரே நல்ல சீனியர் தலையில் கட்டுகிறார்கள். பயிற்சிக்குப் பொறுப்பானவர் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் தகுதி என்றால் தொழில் தெரிந்திருப்பது என்பதோடு நம் நடைமுறை நின்றுவிடுகிறது. ஜெர்மனியில் தொழிற்கூடப் பயிற்சியாளராக இருக்கத் தனித் தேர்வே எழுத வேண்டும்: எழுத்துத் தேர்வு சுமார் மூன்று மணி நேரம், பிறகு முப்பது நிமிடத்துக்குள் செய்முறையும் உரையாடலும். பத்து மணி நேரத்தை அதிகம் என்று சொல்லும் மேலாளர்களிடம் இதைக் காட்டலாம்.

ஜே.ஐ. தொடாத இடங்கள்

வேலை தெரியாததால் வரும் சிக்கலுக்கு ஜே.ஐ. மருந்து. பையன் பத்து நாளாக லேட்டாக வருகிறான், ஹாஸ்டலில் சண்டை, வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, லைன் லீடரைப் பார்த்தாலே பயம் என்றால் நான்கு படிகள் ஒன்றும் செய்யாது. அதற்கு அதே குடும்பத்தில் 'ஜாப் ரிலேஷன்ஸ்' என்று இன்னொரு பத்து மணி நேரம் இருக்கிறது. அதன் கார்டு: உண்மைகளைத் திரட்டு, எடைபோட்டு முடிவெடு, செயல்படு, பலனைப் பார். முதல் படிக்குக் கீழே 'முழுக் கதையும் கிடைத்ததா' என்று ஒரு எச்சரிக்கை. மென்டர்களுக்கு முதலில் எதைக் கொடுப்பது என்று கேட்டால் ஜே.ஐ.தான், ஆனால் ஆறு மாதத்துக்குள் இதையும் கொடுக்காவிட்டால் பாதி மென்டர்தான் கிடைப்பார்.

இரண்டு கார்டிலும் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் வேலைக்கு வருபவர்களில் பெண்கள் ஏராளம். மென்டர்கள் பெரும்பாலும் ஆண்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பேர் உள்ள எந்த இடத்திலும் 2013 சட்டப்படி பாலியல் தொல்லை புகார்களுக்கு உள் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் யார் இருக்கிறார், ஒரு பெண் தன்னிடம் வந்து சொன்னால் தான் 'விசாரிக்காமல்' எங்கே அனுப்ப வேண்டும் என்பது ஒவ்வொரு மென்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு நிறுவனமே ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூடவே, புரொபேஷன் மதிப்பெண்ணை மென்டர் கையில் கொடுக்காதீர்கள். மார்க் போடுகிறவரிடம் எந்தப் பையனும் தெரியாததைக் கேட்க மாட்டான்.

ஐடி நிறுவனங்களின் மென்டரிங்குக்கு இது பாதிதான் பொருந்தும். ஒரு சர்வரில் புதிய வெர்ஷனை ஏற்றுவது, பேக்கப்பைத் திரும்ப எடுப்பது போன்ற படிப்படியான வேலைகளுக்கு ஷீட் அருமையாக வரும். வேலையில் மேலே போவது எப்படி, எந்த டீமுக்கு மாறுவது என்ற பேச்சுக்கு வராது. மருத்துவமனைகள் வேறு கதை: சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை நர்ஸ்களின் வேலைகளுக்கு ஜே.ஐ.யைப் பயன்படுத்தியது. கை கழுவுவதிலும் கீ பாயின்ட் இருக்கிறது அல்லவா.

வாங்கும் முன்

'கிராஷ் கோர்ஸ்' என்று பத்து மணி நேரத்தை ஒரே நாளில் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் என்ன போகிறது என்றால், இடையில் இருக்கும் இரவுகள் போகின்றன. பங்கேற்பவர் மெஷினுக்குத் திரும்பி, ஷீட்டை எழுதிப் பார்த்து, வராமல் தவித்து, மறுநாள் அடித்தல் திருத்தலோடு வருவதுதான் கற்றல். ஒரே நாளில் முடித்தால் எல்லோரும் உதாரணத்துக்கு பேனாவை மூடிக் காட்டுவார்கள். வகுப்பில் செய்துகாட்டும் வேலை சொந்த வேலையாக, முடிந்தால் உண்மையான பாகங்களோடு, மெஷின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தமிழில் நடத்துவாரா என்றும் கேளுங்கள். ஆங்கில ஸ்லைடைப் பார்த்துத் தமிழில் விளக்குவது வேறு, தமிழிலேயே ஷீட் எழுத வைப்பது வேறு.

இன்னும் சந்தேகம் இருந்தால் நடத்துநரிடம் போன வகுப்பில் எழுதப்பட்ட ஷீட்டுகள் சிலவற்றை, நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டு, காட்டச் சொல்லுங்கள். நடுவில் உள்ள கீ பாயின்ட் பகுதியை மட்டும் படித்தால் போதும். 'கவனமாக' என்ற சொல் அங்கே எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.